இடது சேனல்

மூடியைக் கழற்றினேன், நாலாவது தடவை.
இரவு பதினொன்றே கால்.
பகலெல்லாம் குடித்த வெயிலை
சத்துவாச்சாரிப் பாறைகள் இப்போதுதான்
திருப்பித் தருகின்றன.
மின்விசிறியை நிறுத்தியாயிற்று.
அதன் ரெகுலேட்டர் போடும் கிறீச்சும்
என் பெட்டி போடும் கிறீச்சும்
உறவு கொண்டாடுகின்றன.

வலது சேனல் யோக்கியம்.
இடதில்தான்
கடலை வறுபடுகிற மாதிரி
நின்று நின்று ஒரு பொரிசல்,
அதற்கடியில் ரீங்காரம்.

ரீங்காரத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.
ராணிப்பேட்டையில், தோல் ஊறுகிற டிரம்களின் மோட்டாருக்கு
பேரிங் மாற்றுகிறவன் நான்.
ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால்
எந்தக் குண்டு தேய்ந்ததென்று சொல்வேன்.
இது ஐம்பது. நூறில்லை.
நூறென்றால் பவர் சப்ளையைத் திட்டலாம்,
காட்பாடி எத்திராஜுலு சுற்றிக் கொடுத்த
டிரான்ஸ்ஃபார்மரைத் திட்டலாம்.
ஐம்பதென்றால் எர்த்.
எர்த் நான் போட்டது.

இரண்டு இடத்தில் தொட்டிருக்கிறது:
இன்புட் சாக்கெட்டில் ஒன்று,
பெரிய கெப்பாசிட்டரின் காலடியில் ஒன்று.
இரண்டு பூமி வைத்திருக்கிறவனுக்கு ஏது நிம்மதி.
ஒன்றை வெட்டினேன்.
ரீங்காரம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோன மாதிரி ஆயிற்று.

பொரிசல் போகவில்லை.

வால்வுகளை இடம் மாற்றினேன்.
வலதிலிருந்தது இடதுக்கு வந்தும் பொரிந்தது;
ஆளில் கோளாறில்லை, நாற்காலியில்.
கிரிட்டில் மீட்டரை வைத்தேன்:
பூஜ்யம், இருக்கவேண்டிய பூஜ்யம்.
பிளேட்டில் நூற்று அறுபது.
ஒரு கை முதுகுக்குப் பின்னால்,
மறு கையில் ஐஸ் குச்சி.
ஒவ்வொரு பற்றாகத் தட்டிக்கொண்டு வந்தேன்.
ஓரிடத்தில்
நூற்று அறுபது இருநூற்று எழுபதுக்கு எகிறிற்று.
வால்வு வேலையை விட்டு வெளியே போனால்தான்
இப்படி எகிறும்.

கேத்தோடின் ஆயிரத்து ஐந்நூறு ஓம்.
லென்ஸில் பார்த்தேன்.
மற்ற பற்றெல்லாம் புது எவர்சில்வராய் மினுங்க
இது மட்டும் சாம்பல்,
கம்பியைச் சுற்றி மயிரிழை வளையம்.

இதை என்றைக்குப் பற்றவைத்தேன் என்று தெரியும்.
மாசியில் ஒரு ஞாயிறு.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.
லத்தேரி அரைக்காணியைப் பற்றித்
தணிகைவேல் பேசிக்கொண்டிருந்தான்.
"ஒரு நாளாவது வந்து மடை தொறந்தியா நீ" என்றான்.
ஈயம் இன்னும் இளகியிருந்தது.
பதில் சொல்ல வாய் போதாமல்
கையையும் ஆட்டினேன்.

சுவிட்சை அணைத்தேன்.
மிச்ச மின்சாரத்தில் பதினைந்து வாட் பல்பைத் தொடவைத்தேன்:
ஒரு முறை விழித்து, மூடிக்கொண்டது.
துளி ஃப்ளக்ஸ். சூட்டுக்கோல் முனை.
சாம்பல் விலகி ஈயம் கண் திறந்ததும்
கோலை எடுத்து, மூச்சைப் பிடித்து,
கம்பியைப் பிடித்த கையை அசைக்காமல் எண்ணினேன்.
ஐந்து போதும்.
இருபது வரை எண்ணினேன்.

வால்வு சூடேற அரை நிமிடம்.
ஹெட்போனை மாட்டி, போனிலிருந்து ஒரு நாயனம்.
இடது சுத்தம்.
வாசிக்கிறவர் மூச்சிழுக்கிறார்,
அவர் இடப்பக்கம் நிற்கிறார் என்றே
இன்றைக்குத்தான் தெரிகிறது.
"ஃபேன போடேன், வேகுது" என்றாள் கோமளா உள்ளிருந்து.
இதோ என்றேன். போடவில்லை.

ஒன்று நாற்பதுக்குத் தெருவே அணைந்தது.
போன் தன் பேட்டரியில் வாசித்துக்கொண்டிருக்க,
வால்வில் சூடு இருக்கிறவரை
நாயனம் ஐந்தாறு வினாடி
மெலிந்து, தேய்ந்து, கரகரத்து நின்றது.
இருட்டில் மீட்டர் மட்டும்
இருநூற்றுப் பத்து என்றது.
நூற்றுத் தொண்ணூற்றாறு.
நூற்று எண்பத்துமூன்று.
பல்பைத் தேடவில்லை.
நாற்பதுக்குக் கீழே இறங்கும்வரை
உள்ளே கை வைக்கக் கூடாது.
போன் பக்கத்தில் இருந்தது.
மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.